பதினெட்டாம் தேதி வரைக்கும் தாங்கும்

தனகோட்டி அண்ணன் எங்கள் இல்லத்துக்கு வந்ததும் முதலில் கேட்டது சாப்பாட்டைப் பற்றியோ டாக்டரைப் பற்றியோ அல்ல. ஸ்ட்ரெச்சரிலிருந்து அவரைக் கட்டிலுக்கு மாற்றி, இரண்டு காலுக்கும் நடுவே தலையணை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். அவர் கண்ணை மூடியபடி ஜன்னல் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டாவது பெல்ட்டு நின்னு போயிருக்குது. எவ்ளோ நேரமா?" என்றார்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மந்தாரக்குப்பத்தில் இருப்பவர்களுக்குச் சுரங்கத்து இரைச்சல் காதோடு ஒட்டிப்போனது. அதில் ஒன்று ஓடுகிறதா, இரண்டு ஓடுகிறதா என்று யார் பிரித்துப் பார்க்கிறார்கள்? கால் மணி கழித்து அவரே, "ஓட ஆரம்பிச்சிடுச்சி" என்று சொல்லி, நிம்மதியாகத் தண்ணீர் கேட்டார்.

கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கிறது ஜானகியம்மாள் நடைப்பயிற்சி இல்லம். இடுப்பிலோ முட்டியிலோ ஆபரேஷன் ஆனவர்கள் நேரே வீட்டுக்குப் போய்ச் சமாளிக்க முடியாமல் இங்கே வந்து ஒரு மாதம் போலத் தங்கி, நடக்கப் பழகிக்கொண்டு போவார்கள். பன்னிரண்டு கட்டில். ஆண்கள் பக்கம் ஏழு கட்டிலுக்கு உதவியாள் நான். உடம்பு துடைப்பது, துணி மாற்றுவது, கக்கூஸ் நாற்காலியில் உட்காரவைத்து எழுப்புவது, காலையும் சாயங்காலமும் காய்ச்சல் பார்த்து அட்டையில் குறிப்பது என் வேலை. நடை பழக்குவது ஹரிணி அம்மா. பிசியோதெரபி படித்த சின்னப் பெண். சின்னப் பெண்ணானாலும் கிழவர்களை அதட்டி நடக்கவைத்துவிடும். டாக்டர் வெங்கடேஷ் வியாழக்கிழமை மட்டும் வருவார்.

தனகோட்டி அண்ணனுக்கு ஐம்பத்தாறு வயது. சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரி போகிற பெல்ட்டில் இருபத்தேழு வருஷமாகக் காண்ட்ராக்ட் வேலை. புரட்டாசி மழையில், ஷிப்ட் முடிந்து சைக்கிளில் திரும்பும்போது லாரி சிந்திய சேற்றில் சறுக்கி விழுந்து, தொடை எலும்பு இடுப்பில் சேருகிற இடத்தில் முறிந்துவிட்டது. கடலூரில் ஆபரேஷன் செய்து எலும்புப் பந்தை எடுத்துவிட்டுப் புதுக் கிண்ணமும் பந்தும் வைத்தார்கள். தையல் பிரித்த கையோடு இங்கே வந்தார். ஒல்லியான உடம்பு, அகலமான கை. குரல் பெரிது. பெல்ட் பக்கத்திலேயே பேசிப் பேசி அப்படி ஆகிவிட்டது. அவர் சாதாரணமாகப் பேசினாலே பெண்கள் பக்கத்தில் திரும்பிப் பார்ப்பார்கள்.

அடுத்த கட்டில் விஜயராஜ் சாருடையது. டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருந்து ரிட்டயரான பர்மனென்ட் ஆள். முட்டி மாற்றிக்கொண்டு வந்திருந்தார். இரண்டு பேரும் கம்மாபுரம் பக்கத்து ஒரே ஊர் என்பது முதல் நாள் சாயங்காலமே தெரிந்துபோயிற்று. விஜயராஜ் சாரின் அப்பாவுக்கு அங்கே நாலு ஏக்கர் இருந்தது. அந்த நாலு ஏக்கரில் ஏர் ஓட்டி, நாற்று விட்டு, அறுத்துக் கட்டியவர் தனகோட்டி அண்ணனின் அப்பா. சுரங்கம் வந்தபோது நிலம் போயிற்று. நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை என்று விஜயராஜ் சார் பர்மனென்ட் ஆனார். நிலத்தில் வேலை செய்த வீட்டுக்கு அப்படிக் கணக்கு எதுவும் கிடையாது. தனகோட்டி அண்ணன் அந்தக் குழிக்குள்ளேயே காண்ட்ராக்டில் இறங்கினார்.

இதை அவர் கோபமாகச் சொன்னதில்லை. விஜயராஜ் சார்தான் கேலியில் மறைப்பார். "என்னப்பா தனகோட்டி, பர்மனென்ட் கட்டிலுக்கு நான் வந்துட்டேன், உன் கட்டில் காண்ட்ராக்ட் கட்டில்தானே? மூணு மாசத்துக்கு ஒருதரம் ரென்யூவல் பண்ணணுமே" என்பார். "ஆமாங்க, உங்க கட்டில்ல மூட்டைப்பூச்சி கூட பர்மனென்ட்டு" என்று இவர் திருப்புவார். வார்டே சிரிக்கும்.

நவம்பர் பதினெட்டாம் தேதிதான் அவருக்கு எல்லாமாக இருந்தது. காண்ட்ராக்ட் ஆட்களில் சீனியாரிட்டி பார்த்துச் சிலரைப் பர்மனென்ட்டாக எடுக்கிறார்கள், அந்த லிஸ்டில் இவர் பெயர் வந்துவிட்டது. பதினெட்டாம் தேதி காலை ஒன்பது மணிக்கு மெடிக்கல். தன் காலால் உள்ளே நடந்து போய், டாக்டர் முன்னால் நின்று காட்ட வேண்டும். அன்றைக்கு வராதவன் இடத்துக்கு அடுத்த நம்பர்காரன் ஏறிவிடுவான். ரிட்டயராக நாலு வருஷம்கூட இல்லாதவருக்கு இது எதற்கு என்று விஜயராஜ் சார் கேட்டார்.

"கேட்டுல எல்லாரும் கார்டைக் காட்டிக்கினு போவாங்க. எங்களை எண்ணித்தான் உள்ள விடுவாங்க, ஆடு எண்ற மாரி. ஒரு நாளாவது பேர் சொல்லிப் போவணுங்க" என்றார் தனகோட்டி அண்ணன்.

அதற்கப்புறம் விஜயராஜ் சார் காண்ட்ராக்ட் கட்டில் கேலியை விட்டுவிட்டார்.

அவர் வேலையைப் பற்றி எனக்குச் சொன்னதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெல்ட் கிலோமீட்டர் கணக்கில் ஓடும். அதன் அடியில் வரிசையாக உருளும் ரோலர்கள், ஆயிரக்கணக்கில். அதன் ஓரமாகவே நடந்துபோய், எந்த ரோலர் கெடப்போகிறது என்று முன்னாலேயே கண்டுபிடிப்பது இவர் வேலை. காதால் கேட்பார். சந்தேகம் வந்தால் புறங்கையைப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சூடு பார்ப்பார். உள்ளங்கை காய்த்துப்போயிருக்கும், அதற்குச் சூடு தெரியாது, புறங்கைதான் பொய் சொல்லாது என்பார்.

"மொதல்ல குருவி கத்துற மாரி ஒரு சத்தம் வரும். ரெண்டு மூணு நாள்ல அது நின்னுடும். புதுசா வந்தவன் சரியாப் போச்சின்னு நெனச்சிக்குவான். அப்பதான் உள்ள சூடு ஏற ஆரம்பிக்கும்."

கெட்ட ரோலரை உடனே மாற்ற முடியாது. பெல்ட்டை நிறுத்த வேண்டும், நிறுத்தினால் மேலே பதில் சொல்ல வேண்டும். அதனால் சாக்பீஸால் குறி போட்டு, இது இத்தனை நாள் தாங்கும் என்று இவர் ஒரு கணக்குச் சொல்வார். இஞ்சினியர்கள் அந்தக் கணக்கை நம்புவார்கள். இவர் சொன்ன நாளுக்கு முன்னால் ஒரு ரோலரும் சிக்கிக்கொண்டதில்லையாம். தாங்காது என்று தோன்றினால் பெல்ட் ஓரத்துக் கயிற்றை இழுத்து இவரே நிறுத்திவிடுவார். அப்படி நாலு முறை இழுத்திருக்கிறார், நாலு முறையும் திட்டு வாங்கியிருக்கிறார்.

வந்த ஒரு வாரத்தில் வாக்கரைப் பிடித்து வராந்தா முழுக்க நடந்தார். ஹரிணி அம்மாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். நவம்பர் மூன்றாம் தேதி, திரும்பி வந்து கட்டிலில் உட்காரும்போது முகம் மாறியது. என்ன அண்ணே என்றேன். இடுப்பில் ஒரு சத்தம் என்றார். ஹரிணி அம்மாவிடம் சொன்னேன். புது மூட்டு, சதை இறுகும் வரைக்கும் சிலருக்கு அப்படி டிக் டிக்கென்று கேட்கும், பயப்பட வேண்டாம் என்றது. அது உண்மைதான். நானும் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன்.

ஆறாம் தேதி வியாழக்கிழமை டாக்டர் வந்து தையல் தழும்பைப் பார்த்துவிட்டு, அருமையாக ஆறியிருக்கிறது என்று சொல்லிப் போனார். அப்போது ஒன்றும் இல்லை. மறுநாள் சாயங்காலம் உடம்பு துடைக்கப் போனபோது தனகோட்டி அண்ணன் வேட்டியை விலக்கிப் புறங்கையைத் தொடையில் வைத்தபடி படுத்திருந்தார். என்னைப் பார்த்தும் கையை எடுக்கவில்லை.

"சத்தம் நின்னுடுச்சி, பழனிசாமி" என்றார். பெரிய குரல்காரர், அன்றைக்கு மெல்லப் பேசினார். "இங்க வெச்சிப் பாரு."

வைத்துப் பார்த்தேன். தழும்பின் கீழ்முனையில் ஓர் ஊசிமுனை அளவு ஈரம். சுற்றிலும் ஒரு கைப்பிடி அகலத்துக்குச் சிவப்பு. என் கைக்கே சூடு தெரிந்தது. டாக்டருக்குப் போன் போடச் சொல்கிறேன் என்று எழுந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

போன் போட்டால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கடலூருக்குத் திருப்பி அனுப்புவார்கள். ஊசி, மருந்து, ஒருவேளை மறுபடி கத்தி. பதினெட்டாம் தேதி போய்விடும்.

"இன்னும் பதினோரு நாளுதான். நான் பாத்து பாத்துப் பழகுன சூடு இது. பதினெட்டு வரைக்கும் தாங்கும். மெடிக்கல் முடிஞ்ச அன்னிக்கே நானே போய்ப் படுத்துக்கிறேன்."

"இது இரும்பு இல்லண்ணே."

"உள்ள வெச்சிருக்கிறது இரும்புதான?"

பெல்ட்டில் நாலு முறை கயிறு இழுத்தவர் இப்போது மட்டும் ஏன் இழுக்க மாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் கூரையைப் பார்த்தபடி சொன்னார்: "அது அவங்க பெல்ட்டு. இது என் பெல்ட்டு."

வராந்தா மூலையில் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு நான் ஒரு விளக்கு ஏற்றுவது வழக்கம். மாதப் பூசத்துக்கு வடலூர் சபைக்குப் போய் ஜோதி பார்த்துவிட்டு வருகிறவன் நான். அந்த ஜோதியை நினைத்துத்தான் இங்கே கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு சின்ன விளக்கு. அன்றைக்கு ஏற்றிவிட்டுத் திரும்பினால், தனகோட்டி அண்ணன் வாக்கரைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே வந்து நின்றார். நெற்றியில் வேர்வை. விளக்குக்கு முன்னால் வலது கையை நீட்டினார். யாரிடமும் வாய் திறக்க மாட்டேன் என்று கையில் அடித்துச் சத்தியம் பண்ணும்படி கேட்டார்.

மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். நீட்டிய கையை அவர் இறக்கவில்லை. இருபத்தேழு வருஷத்துக்குப் பதினோரு நாள் கேட்கிறார் என்று நினைத்தேன். உயிருக்கு இரங்கவேண்டும் என்பதுதானே எங்கள் வழி, இதுவும் இரக்கம்தான் என்று மனசு சொல்லிற்று. ஜோதிக்கு முன்னால் அவர் கையில் அடித்தேன். சூடாக இருந்தது அந்தக் கை.

கட்டிலுக்குத் திரும்பியதும் என் சட்டைப்பையில் இருந்த பேனாவைக் கேட்டார். சிவப்பு எதுவரைக்கும் இருக்கிறதோ அதன் ஓரத்திலேயே ஒரு கோடு போடச் சொன்னார். ரோலருக்குச் சாக்பீஸ் குறி போடுவதுபோல. நான் போட்டேன். மறுநாள் காலை சிவப்பு அந்தக் கோட்டை ஓர் அரிசி நீளம் தாண்டியிருந்தது. இன்னொரு கோடு. அதற்கு அடுத்த நாள் இரண்டு விரல். இன்னொரு கோடு. பத்தாம் தேதி காலை பார்த்தால் சிவப்பு போட்ட கோட்டிலேயே நின்றிருந்தது. பதினொன்றிலும் நகரவில்லை. அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. பார்த்தாயா, எனக்குத் தெரியாதா என்பதுபோல. நானும் அன்றைக்கு விளக்கின் முன்னால் அழுது கும்பிட்டேன்.

பன்னிரண்டாம் தேதி அது முட்டியை நோக்கி நாலு விரல் இறங்கியிருந்தது.

காய்ச்சலுக்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். நான் அளக்க வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொள்வார். காய்ச்சல் பார்க்கிற கம்பியில் சரியான அளவுதான் காட்டும். அதைத்தான் அட்டையில் எழுதினேன். நான் எழுதிய எண்ணில் பொய் இல்லை. அட்டையே பொய்யாக இருந்தது.

வியாழக்கிழமை, பதின்மூன்றாம் தேதி, டாக்டர் வந்தார். அன்றைக்கென்று புதிதாக இரண்டு பேர் சேர்ந்திருந்தார்கள், அவருக்கு அவசரம். அட்டையைப் பார்த்தார், நடையைப் பற்றி ஹரிணி அம்மா பெருமையாகச் சொன்னதைக் கேட்டார். புண் எப்படி இருக்கிறது என்று என்னைப் பார்த்துக் கேட்டார். ஒன்பது வருஷமாக என் வாயிலிருந்து வந்ததை நம்பிய மனிதர். "காஞ்சிருக்குங்க" என்றேன். அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார். தனகோட்டி அண்ணன் என்னைப் பார்க்கவில்லை, நானும் அவரைப் பார்க்கவில்லை.

அவர் மனைவி வீரம்மாள் அக்கா டவுன்ஷிப் பார்க்கில் புல் வெட்டுகிற காண்ட்ராக்ட் வேலை செய்கிறவர். மூன்று மணிக்கு வேலை முடிந்து, சேலை ஓரத்தில் புல் ஒட்டிக்கொண்டிருக்க நேரே இங்கே வருவார். பதினைந்தாம் தேதி, மெடிக்கலுக்கென்று ஒரு வெள்ளைச் சட்டை வாங்கிவந்தார். மார்பில் வைத்துப் பார்த்தார். உடம்பு இளைத்துவிட்டது, தோள் தொங்குகிறது என்றார். நடை நல்லா இருக்குதா தம்பி என்று என்னைக் கேட்டார். உண்மையில் நடை நன்றாகத்தான் இருந்தது. வாக்கரை விட்டுவிட்டுக் கைத்தடியோடு நாற்பது அடி போனார். வாயில் துண்டைக் கடித்துக்கொண்டு போனார் என்பதை நான் சொல்லவில்லை. துண்டு தோளில் கிடப்பதுபோலவே இருக்கும், ஒரு முனை மட்டும் பல்லுக்கு நடுவே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் விஜயராஜ் சார் மூக்கைச் சுளித்தார். "பழனி, எலி ஏதாவது செத்துக் கெடக்குதா பாரு. ரெண்டு நாளா வீசுது."

நான் டார்ச் எடுத்துக்கொண்டு ஏழு கட்டிலுக்கு அடியிலும் குனிந்து குனிந்து பார்த்தேன். எதற்காகப் பார்க்கிறேன் என்று எனக்குத் தெரியும். தனகோட்டி அண்ணனுக்கும் தெரியும். அவர் கட்டிலுக்கு அடியில் குனிந்தபோது மேலே அவர் மூச்சு வேகமாக வாங்குவது கேட்டது. எலி இல்லைங்க என்று சொல்லிவிட்டு, பினாயில் ஊற்றித் துடைத்தேன். அன்று சாயங்காலம் ஏழாவது கோடு போட்டேன். பேனா தோலில் சரியாக ஓடவில்லை. தோல் இறுகிப் பளபளவென்று இருந்தது.

பதினேழாம் தேதி, திங்கட்கிழமை. காலை ஏழு மணிக்கு அவருக்கு நடுக்கம் வந்தது. சாதாரணக் குளிர் அல்ல. கட்டிலே ஆடிற்று. ஸ்டாண்டின் மேல் இருந்த டம்ளர் கடகடவென்று நகர்ந்து விளிம்புக்கு வந்தது. இரண்டு கம்பளியைப் போர்த்தினேன். உதடு நீலமாக இருந்தது. பல் அடித்துக்கொண்டதில் பேச்சு துண்டு துண்டாக வந்தது.

"ஒரே நாளு. நாளைக்கு ஒம்போது மணி. அப்பறம் என்ன வேணா பண்ணு."

நான் வாசலுக்கு ஓடினேன். எனக்கு அப்போதுகூட அந்தச் சத்தியம் குறுக்கே நின்றது என்பதைச் சொல்லிவிட வேண்டும். வாய் திறக்க மாட்டேன் என்றுதானே சொன்னேன், காட்ட மாட்டேன் என்று சொல்லவில்லையே என்று மனசு ஒரு சந்து தேடியது. ஹரிணி அம்மா ஸ்கூட்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தது. எதுவும் சொல்லாமல் கையெடுத்துக் கும்பிட்டு உள்ளே வரச்சொல்லிச் சைகை காட்டினேன். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துப் பையை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தது.

கம்பளியையும் வேட்டியையும் விலக்கிக் காட்டினேன். ஏழு நீலக் கோடுகள், ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக, குளத்துப் படி மாதிரி. கடைசிக் கோட்டையும் தாண்டிச் சிவப்பு முட்டிக்குப் போயிருந்தது. கீழ்முனையில் சீழ்.

"யார் வரைஞ்சது?" என்றது.

"நாந்தாங்க."

"எத்தனை நாளா?"

இதற்குச் சைகையில் பதில் இல்லை. "பத்து நாளாங்க" என்றேன். அவ்வளவுதான், சத்தியம் போயிற்று. ஹரிணி அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தது. திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

தனகோட்டி அண்ணன், "பழனிசாமி" என்று மட்டும் சொன்னார்.

டாக்டர் போனிலேயே சொல்லிவிட்டார். இனிமேல் கடலூரும் வேண்டாம், பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு, இந்த நிமிஷமே. தனகோட்டி அண்ணன் மாட்டேன் என்றார். நாளை மெடிக்கல் முடித்துவிட்டு நேரே வருகிறேன் என்றார். கட்டில் கம்பியைப் பிடித்த கையை எங்களால் பிரிக்க முடியவில்லை. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது, இன்றைக்குப் போனால் காலுக்கு வைத்தியம், நாளைக்குப் போனால் உயிருக்கே உத்தரவாதம் இல்லை என்று ஹரிணி அம்மா அழாத குறையாகச் சொன்னது.

"நாளைக்குன்னு நான் கணக்குப் போட்டு வெச்சிருக்கேன்மா. தாங்கும்."

விஜயராஜ் சார் தன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். கேலி இல்லாத குரலில் பேசினார். "தனகோட்டி, இருபத்தோரு வயசுல நான் அந்த மெடிக்கலுக்குப் போனேன். நாக்கை நீட்டு, இருமு, போன்னு சொன்னாங்க. ஏழு நிமிஷம். அதுல ஒண்ணும் இல்லடா."

"ஒங்களுக்கு ஒண்ணும் இல்லிங்க" என்றார் இவர்.

விஜயராஜ் சார் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார்.

வீரம்மாள் அக்காவுக்குப் போன் போயிருந்தது. பார்க்கிலிருந்து அப்படியே, தலையில் கட்டிய துண்டோடு வந்தார். ஹரிணி அம்மா தொடையைக் காட்டியது. அக்கா கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு யாரையும் பார்க்காமல், நாளைக்கு வராதவர்களுக்கு மறுநாள் வைப்பார்களா என்று கேட்டார். வெளியே போய்க் கணவரின் சூப்பர்வைசருக்குப் போன் செய்தார். திரும்பி வந்தபோது முகத்திலேயே பதில் இருந்தது. ஆம்புலன்ஸ் காகிதத்தைக் கேட்டு வாங்கினார்.

"இருவத்தேழு வருஷம்டி" என்றார் தனகோட்டி அண்ணன்.

"தெரியும். அதுல இருவத்தாறு வருஷம் நானும்தான் கேட்டாண்ட நின்னேன்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

கம்பியைப் பிடித்திருந்த விரல்களை அவர் மனைவிதான் ஒவ்வொன்றாகப் பிரித்தார். பதினொரு மணிக்கு ஆம்புலன்ஸ் கிளம்பியது. டாக்டர் அன்று சாயங்காலமே வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை, அடுத்த கட்டிலுக்கு இப்படிச் செய்யமாட்டேன் என்று எழுதிக்கொடு என்றார். எழுதிக்கொடுத்தேன். அன்று விளக்கு ஏற்றினேன், ஆனால் கும்பிடக் கை எழும்பவில்லை.

வெள்ளிக்கிழமை, இருபத்தொன்றாம் தேதி, லீவு போட்டுவிட்டுப் பாண்டிச்சேரி போனேன். பதினெட்டாம் தேதி காலையில்தான் ஆபரேஷன் நடந்திருக்கிறது. வைத்த பந்தையும் கிண்ணத்தையும் எடுத்துவிட்டு, உள்ளே கழுவி, மருந்து கலந்த ஒரு கட்டியை வைத்து மூடியிருந்தார்கள். வார்டு வாசலில் வீரம்மாள் அக்கா என்னை நிறுத்தினார். அவருக்கு மயக்கம் தெளிந்ததிலிருந்து தேதி கேட்டுக்கொண்டே இருக்கிறார், பதினேழு என்று சொல்லி வைத்திருக்கிறேன், மூன்று நாளாகப் பதினேழுதான், நீங்களும் அப்படியே சொல்லுங்கள் என்றார். அக்காவின் கண் வீங்கியிருந்தது.

உள்ளே போனேன். உடம்பில் நாலு குழாய். என்னை அடையாளம் தெரிந்தது. கோபம் இருக்கும் என்று பயந்து போனவன், அவர் முகத்தில் இருந்ததைப் பார்த்து இன்னும் பயந்துபோனேன். ஆசை இருந்தது.

"பழனிசாமி, சட்ட எங்க வெச்சிருக்கான்னு கேளு. காலைல அஞ்சி மணிக்குக் கெளம்புனா ஒம்போதுக்குப் போயிடலாம்" என்றார். பிறகு ஏதோ சந்தேகம் வந்ததுபோல என் முகத்தையே பார்த்தார். "இன்னிக்கு என்னா தேதி?"

ஒரு சத்தியத்தைக் காப்பாற்றப் போய் அவரை அந்தக் கட்டிலில் கிடத்தியிருந்தேன். பின்னால் அக்கா நிற்பது தெரிந்தது. ஜோதியை நினைத்துக்கொண்டேன். "இருபத்தொண்ணுங்க அண்ணே" என்றேன்.

அவர் அழுவார், கத்துவார் என்று நினைத்தேன். சுண்ணாம்பு அடித்த கூரையைப் பார்த்தபடி கிடந்தார். குழாயில் சொட்டு விழுந்துகொண்டிருந்தது. பிறகு கேட்டார்.

"யாரு போனது? மணிமாறனா?"

மணிமாறன் லிஸ்டில் இவருக்கு அடுத்த ஆள். சூப்பர்வைசர் மூலமாக எனக்கும் தெரிந்திருந்தது. ஆமாம் என்றேன்.

"நல்ல பையன்தான். சூடு பாக்கத் தெரியாது அவனுக்கு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

வெளியே வந்ததும் அக்கா என்னைத் திட்டவில்லை. சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, "இனிமே எதுக்காவ அவரு எழுந்திருப்பாரு, தம்பி?" என்று கேட்டார். அன்று மாலை இன்னொரு முறை கழுவ வேண்டும் என்று அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

உயிர் தங்கிவிட்டது. காலும் இருக்கிறது, இரண்டு அங்குலம் குட்டை. தை பிறந்த பிறகு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள், மந்தாரக்குப்பத்து வாடகை வீடு, ஒற்றை அறை. இன்னொரு ஆபரேஷன் செய்து திரும்பவும் மூட்டு வைக்கலாம், அதற்கு முன்னால் எழுந்து உட்கார்ந்து, வாக்கரில் நின்று, உடம்பைத் தேற்ற வேண்டும் என்கிறார்கள். ஹரிணி அம்மா வாரம் ஒருமுறை சம்பளம் வாங்காமல் வருகிறது. கால் நிற்கும், அவர்தான் நிற்க மாட்டேன் என்கிறார் என்று என்னிடம் சொன்னது. வாக்கர் சுவரோரம் நிற்கிறது. அக்கா அதில் ஈரத்துணி காயப்போடுகிறார்.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். சுரங்கத்து இரைச்சல் அந்த வீட்டுக்கு இன்னும் நன்றாகக் கேட்கும். போன வாரம் நான் இருக்கும்போதே அது சட்டென்று அடங்கிப்போனது. எனக்கே தெரிந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் எந்த பெல்ட் என்று கேட்கவில்லை.

ஒரே பக்கமாகப் படுத்தால் முதுகில் புண் வந்துவிடும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். பார்க் வேலைக்கு ஞாயிற்றுக்கிழமையும் லீவு கிடையாது, அக்கா போய்விட்டால் திருப்ப ஆள் இல்லை. நான் தோளுக்கடியில் கையைக் கொடுத்தேன்.

"உடு, பழனிசாமி. இப்படியே கெடக்கறேன்" என்றார்.

நான் விடவில்லை. அவருடைய பழைய குரலாக இருந்தால் தெருவுக்கே கேட்டிருக்கும். இப்போது எனக்கு மட்டும்தான் கேட்டது. திருப்பிப் போட்டு, முதுகைத் துடைத்து, தலையணையைச் சரிசெய்துவிட்டு, அக்கா வரும் மூன்று மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். அவர் சுவரைப் பார்த்தபடியே இருந்தார்.